மியூசிக் ஸ்கோர் எழுத எந்த ப்ராசஸர் வாங்கலாம்?

சர்ச் கொயருக்கு ஸ்கோர் எழுதுற நண்பர் ஒருத்தர், "16 கோர் வாங்கினா வேகமா ஓடுமா டாக்டர்?"னு கேட்டார். உங்களுக்கும் உதவும்னு இங்கேயே எழுதுறேன்.

கோர் எண்ணிக்கைக்காகக் காசைக் கொட்டாதீங்க. சிபேலியஸ், மியூஸ்ஸ்கோர் மாதிரி மென்பொருளில் ஒரு நோட்டை மாத்தினா அது இருக்கிற கட்டம் அகலமாகும். அதனால வரி நகரும், சில சமயம் அடுத்த பக்கமே நகரும். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததைக் கணக்குப் போட முடியும். ஆகவே இந்த வேலையில் பெரும்பாலும் ஒரே கோர்தான் உழைக்கும். தியேட்டர்ல 16 சர்ஜன் நின்னாலும் ஒரு காயத்துக்குத் தையல் போடுறது ஒருத்தர்தானே!

கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் முடிவுகளில் 'சிங்கிள் கோர்' மதிப்பெண் தனியா இருக்கும். அதைத்தான் பார்க்கணும். புதுத் தலைமுறை 6 கோர் சிப், பழைய 16 கோர் சர்வர் சிப்பை இதில் சுலபமா முந்திடும்.

ஆனா நிஜ வயலின், செல்லோ சாம்பிள்களை ஏத்தி வாசிக்க வைக்கிறதா இருந்தா கதை வேற. அங்கே கூடுதல் கோர் பயன்படும். அதைவிட முக்கியம் ராமும் எஸ்எஸ்டியும். மிச்சமாகிற பணத்தை அதில் போடுங்க.

மியூஸ்ஸ்கோர் இலவசம்தான். உங்ககிட்ட இருக்கிறதிலேயே பெரிய ஸ்கோரை பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் அனுமதிச்சா அங்கேயே திறந்து, முதல் பக்கத்தில் ஒரு நோட்டை மாத்திப் பாருங்க. திரை திணறினா அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்க.