கடலடித் தோட்டம்

யான் பிறந்தது எட்டயபுரத்துக் கரிசற் பூமியில். தூத்துக்குடி முத்துக்குளிப்பின் கதைகளை முதியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தேன். கல்லைப் பற்றிக் கடலடி சென்று, மூச்சடக்கிச் சிப்பியைப் பறித்து மீள்வதே வீரம் என எண்ணினேன். 1961-ஆம் ஆண்டிற்குப்பின் அக்குளிப்பு நின்றது; என் எண்ணம் மாறவில்லை. மாணவர் உள்ளத்தினும் பாய்ந்திறங்கி விடையைப் பறிப்பதே ஆசிரியர் தொழில் எனக் கொண்டேன்.

பெருந்தொற்றுக்குப் பின், 2021-ல் கல்லூரி மீண்டும் திறந்தபோது, முன்னர்த் தயக்கமின்றிப் பேசிய மாணவன் ஒருவன் யான் வினவுந்தோறும் தலைகவிழ்ந்தான். சினந்து வினாக்களை அடுக்கினேன். அவன் வகுப்பிற்கு வருவதையே நிறுத்தினான்.

அந்நாளில் தோட்ட விலாங்கு என்னும் மீனைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அதில் ஓரினம், 1959-ல் விலங்கியலார் இருவரால் விவரிக்கப்பெற்று, கடலாய்வாளர் ஹான்ஸ் ஹாஸ் பெயரைப் பெற்றது. மாலத்தீவு, ஓக்கினாவா முதலிய இடங்களின் வெப்பக் கடல்களில் மணற்றரையில் வாழ்வது. முழத்திற்குச் சற்றுக் குறைந்த நீளம், விரற் பருமன். வாலால் மணலைத் துளைத்து, உடலில் ஊறும் பசையால் வளையின் சுவரைப் பூசிக்கொள்கிறது. பின்னுடலை உள்ளே இருத்தி, நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் சிற்றுயிர்களை உண்கிறது. நூற்றுக்கணக்கில் அவை அசைந்து நிற்குங் காட்சி, காற்றிலாடும் எங்களூர்க் கம்பங்கொல்லையை ஒக்கும்.

ஆள் அணுகினால் அத்தனையும் மணலுள் மறையும். ஓட்டம் நொடிக்கு 25 சென்டிமீட்டரை எட்டினால் உடலை உள்ளிழுத்துக்கொண்டு குறைவாகவே இரை கொள்ளும் என 2022-ல் வெளிவந்த ஆய்வொன்றும் காட்டியது. சிப்பியைப் பாய்ந்து பறிக்கலாம். இதனையோ, அசையாது காத்திருப்பாரே காண்பர்.

டோக்கியோ நகரத்துச் சுமிதா மீன்காட்சியகத்தில் இவ்வினம் ஏறத்தாழ 300 இருந்தன. 2020 மார்ச்சில் காட்சியகம் மூடப்பெற்றபின், அவை மனித முகத்தை மறந்து காப்பாளரைக் கண்டும் ஒளிந்தன. மே மாதத்தில், மக்கள் இல்லத்திலிருந்தே காணொளி வாயிலாக அவற்றிற்கு முகங்காட்டுமாறு காட்சியகத்தார் வேண்டினர். உரத்த குரல் மட்டும் கூடாதென்றனர்.

இதனைப் படித்த மாலை அம்மாணவனது விடுதியறைக்குச் சென்றேன். வினா ஒன்றும் கேளாது, உடனிருந்து தேநீர் பருகி மீண்டேன். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் மாலை, தொற்றில் தன் தந்தை மறைந்ததை அவனே கூறினான். யான் அடுக்கிய வினாக்களுள் ஒன்றேனும் அதனைத் தொட்டதில்லை.

நண்பர்காள், உங்கள் வகுப்பிலும் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பான் ஒருவன் இருத்தல் கூடும். அவனிடம் ஒன்றும் இல்லையென முடிவுகட்டாதீர். குரலைத் தாழ்த்தி, அருகே சற்றுக் காத்திருங்கள்.