இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி

பெரியது யாவும் வலியது என்று கருதுவது மனித மனத்தின் பழைய வழக்கம். வீடு பெரிதானால் வாழ்வு பெரிதாகும் என்றும், கடை பெரிதானால் இலாபம் பெருகும் என்றும் நம்புகிறோம். வாகனம் வைத்திருப்பவரோ, சக்கரம் பெரிதானால் வண்டியின் ஆற்றலும் பெரிதாகும் என்று நம்புகிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது உயிருக்கே உலை வைத்துவிடும் என்பதை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது நேரில் கண்டு தெளியும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

அங்கே நம் தம்பி மகன் குடும்பத்துடன் வாழ்கிறான். பிக்கப் வண்டியின் பின்னே நீண்ட டிரெய்லரைப் பூட்டி, மிட்லண்டு, ஒடெஸ்ஸா நகரங்களைச் சூழ்ந்த எண்ணெய் வயல்களுக்குக் குழாய்களையும் இயந்திர உறுப்புகளையும் அவசரமாகக் கொண்டு சேர்ப்பது அவன் தொழில். அந்நாட்டார் இத்தொழிலை 'ஹாட்ஷாட்' என்பர். வண்டி ஓடினால் வருமானம். நின்றால் அன்றைக்கு ஒன்றுமில்லை. வண்டிக்கு வாங்கிய கடனோ நிற்பதில்லை.

அவனுடைய பிக்கப்பில் முன்னே இரண்டு சக்கரங்கள். பின்னே பக்கத்துக்கு இரண்டாக நான்கு. இவ்வகை வண்டியை அமெரிக்கர் 'டூயலி' என்று அழைக்கின்றனர். 1973-ஆம் ஆண்டு வரிசையிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஒரு டன் பிக்கப்பில் இந்த அமைப்பை அளித்தது. நம் ஊர் லாரிகளில் காலங்காலமாய் நாம் காணும் அதே முறைதான். ஆறு சக்கரங்களும் ஒரே அச்சு. பின்புறத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒன்றையொன்று எதிர்நோக்கி, நடுத்தட்டோடு நடுத்தட்டு சேர்த்து முடுக்கப்படுகின்றன. அந்தத் தட்டின் குழிவே இரு டயர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முடிவு செய்கிறது. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். செய்தியின் உயிர்நிலை இதுவே.

டயர்கள் தேய்ந்து, ஆறையும் மாற்ற வேண்டிய நிலை வந்தது. எண்ணெய் வயல் பாதைகள் மேடும் பள்ளமுமானவை. மழை பெய்தால் சேறு. வண்டி சற்று உயர்ந்து நின்றால் நல்லது என்று அவன் நினைத்ததில் நியாயம் இருந்தது. பெரிய டயர்களே தாராளமாகப் பொருந்தும் என்று டயர்க் கடைக்காரர் ஒருவரும் உறுதி கூறியிருந்தார். "பெரியத்தா, முப்பது வருஷம் லாரி ஆபீசில் இருந்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்" என்றான். லாரி ஆபீசில் நாம் எழுதியது கணக்குத்தான். ஆயினும், புறப்படுமுன் ஓட்டுநர்கள் இரும்புக் கம்பியால் உள்டயரைத் தட்டி ஓசை கேட்பதை ஆயிரம் முறை பார்த்த கண்கள் இவை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றோம்.

வண்டியில் இருந்த டயரின் அளவு 235/80ஆர்17. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்; இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; மூன்றாவது, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அப்படியானால் டயரின் முழு விட்டம் சுமார் 808 மில்லிமீட்டர். அவன் விரும்பிய 255/80ஆர்17 டயருக்கு அது சுமார் 840. விட்டம் 32 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான். ஆக, அவன் பெறப்போகும் உயரம் 16 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் அகலம்.

இழப்பு என்ன? ஒவ்வொரு டயரும் 20 மில்லிமீட்டர் அகலம் கூடுகிறது. உள்டயர் வெளிப்பக்கம் பத்தும், வெளிடயர் உள்பக்கம் பத்தும் நெருங்கி வரும். இடைவெளியில் 20 குறைந்துவிடும். டிரெய்லரில் வழக்கமான பாரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு, தரையருகே டயர்கள் பிதுங்கி நிற்கும் இடத்தில் அளந்தோம். இருந்த இடைவெளி 26 மில்லிமீட்டர். மிஞ்சப்போவது ஆறு. அவன் அளவுகோலைப் பிடித்தபடியே நெடுநேரம் பேசாதிருந்தான்.

ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பிதுங்கி, மேலே போகையில் மீள்கிறது. பாரம் கூடினாலும், காற்றுக் குறைந்தாலும், சாலை ஒரு பக்கம் சரிந்தாலும் பிதுக்கம் மேலும் கூடும். இடம் இல்லையேல் இரு டயர்களின் பக்கச்சுவர்களும் உரசும். உரசினால் சூடு, சூட்டினால் ரப்பரும் உள்ளிழைகளும் தளரும், முடிவில் வெடிப்பு. இடைவெளி வழியே செல்லும் காற்று டயரைக் குளிர்விக்கிறது. இடுக்கில் கல் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் அகன்ற இடைவெளி குறைக்கிறது. இணைந்த டயர்கள் ஒன்றையொன்று தொட்டால் அந்த வண்டி தேர்ச்சி பெறாது என்று வாணிப வாகனங்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் சோதனை விதியே கூறுகிறது.

வேறு விளைவுகளும் உண்டு. விட்டம் நான்கு விழுக்காடு கூடுவதால் வேகமானி 100 காட்டும்போது வண்டி 104-இல் ஓடும். மானியைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் பாரத்தோடு புறப்படுகையில் சக்கரத்தில் கிட்டும் இழுவிசை அதே அளவில் குறைவதைத் திருத்த, பின்னச்சின் பல்சக்கரங்களையே மாற்ற வேண்டும்.

பரிகாரமே இல்லையா என்றால், உண்டு. குழிவு மிகுந்த வேறு ரிம்கள் வாங்கலாம். 19.5 அங்குல ரிம்மில் 225/70ஆர்19.5 என்ற லாரி டயரைப் பூட்டுவோரும் அங்கே பலர். அதன் விட்டம் சுமார் 810 மில்லிமீட்டர்; உயரத்தில் ஏறக்குறைய பழைய டயரேதான், ஆனால் சுமைதாங்கும் ஆற்றல் மிகுதி. எனினும் டயர் மட்டும் வலுப்பெற்றால் போதாது. கதவோரத் தகட்டில் பொறித்துள்ள அச்சின் சுமை வரம்பு எந்த டயராலும் உயர்வதில்லை.

கணக்கு முடிந்தபின், பழைய டயரின் பக்கச்சுவரில் பொறித்திருந்த 120/117 என்ற இரு எண்களை அவனுக்குக் காட்டினோம். தனியாக நின்றால் அந்த டயர் 1400 கிலோ தாங்கும்; இணையாக நின்றால் 1285 கிலோ மட்டுமே. துணை கிடைத்தபின் வலிமை ஏன் குறைய வேண்டும் என்று கேட்டான். இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை என்பதே காரணம். சாலை சரிந்தால் ஒன்றின்மேல் பாரம் கூடும். ஒன்றில் காற்றுக் குறைந்தால் மற்றது அதன் பங்கையும் சுமக்கும். அந்த வேளைக்கென்று ஒவ்வொன்றும் தன் வலிமையில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 2800 அன்று, 2570 தான். அந்த 230 கிலோவை வீண் என்று எண்ணுபவர் கூட்டுவாழ்வின் கணக்கை அறியாதவர்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி, "எங்கள் வீட்டில் மூன்று மச்சிமார் ஒரே அடுப்பில் சமைத்தார்கள் பெரியத்தா. யாரும் யாரையும் உரசாதபடி அம்மாதான் இடம் பிரித்துக் கொடுப்பார்கள்" என்று சிரித்தாள். மறுகணம் சிரிப்பு மறைந்தது. "பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் இந்த வண்டியில்தானே போகிறார்கள்" என்றாள். நம் கணக்கு முழுவதையும்விட அந்த ஒரு சொல்லே வலியதாயிற்று.

மறுவாரம் பழைய அளவிலேயே ஆறு டயர்களும் வந்தன. சேற்றுப் பாதைக்கேற்ற ஆழ்ந்த வெட்டுடையவை. ஆறையும் ஒருசேர மாற்றியதற்கும் காரணம் உண்டு. இணைந்த இரண்டில் ஒன்று புதிதும் மற்றது தேய்ந்ததுமாயின், உயர்ந்தது சுமக்கும். தாழ்ந்தது தரையில் இழுபடும். இந்த அளவு டயர்களில் இணைகளின் விட்ட வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டலாகாது என்பது தொழிலறிந்தோர் வகுத்த வரம்பு.

ஒரே பாரத்தைச் சுமக்கும் உடன்பிறந்தாரும் கூட்டாளிகளும் நெருங்கியிருத்தல் வேண்டும் என்று ஓயாது பேசுகிறோம். அவர்களுக்கிடையே காற்றுப் புகும் அளவுக்கேனும் இடம் வேண்டும் என்பதைப் பேசுவாரில்லை. ஒருவர் தம்மைப் பெரிதாக்கிக்கொள்ளும்போது முதலில் அழிவது அந்த இடமே. சூடு பிறக்குமுன் அதை யாரும் கவனிப்பதுமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சக்கரத்தைத் துடைத்து வைப்பது எளிது. மறைந்து நின்று சுமக்கும் உள்சக்கரத்தின் காற்றைப் புறப்படுமுன் குனிந்து பார்ப்பவரே பொறுப்புள்ளவர்.