வாரின் வயது

பழம்பொருள் ஒன்றை விலைக்கு வாங்குவோர், அதனை முன்பு வைத்திருந்தவர் செய்தனவற்றையும் செய்யாது விட்டனவற்றையும் அதனோடு சேர்த்தே வாங்குகின்றனர். மாடு பிடிப்போர் பல்லைப் பார்ப்பர். வீடு வாங்குவோர் உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பர். மோட்டார் வண்டியில் அத்தகைய எளிய சோதனைக்கு எட்டாத உறுப்பு ஒன்று உண்டு. அதனை யான் அறிந்தது சென்ற கோடை விடுமுறையில், கலசப்பாக்கத்தில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற பழைய சான்ட்ரோ வண்டி ஒன்றினால்.

கலசப்பாக்கம் செய்யாற்றின் கரையில் உள்ள ஊர். ஊருக்கு மேற்கே பருவத மலை தனித்து நிற்கும். அதற்கும் அப்பால் சவ்வாது மலைத்தொடர் நீலமாய்த் தோன்றும். அம்மலையிற் பிறந்து வரும் ஆறே எங்கள் ஆறு. என் தகப்பனார் இவ்வூர்ச் சபையில் உபதேசியார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேலுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள பத்துப் பன்னிரண்டு குடும்பத்தார்க்கு ஆராதனை நடத்தி வருவது அவர் கடமை. பேருந்து மலையேறும் நேரமும் ஆராதனை நேரமும் ஒத்து வருவதில்லை. ஆதலின் நெடுங்காலம் இருசக்கர வண்டியிலேயே சென்று வந்தார். முழங்கால் நோவு மிகவே, சீட்டுப் பணம் கைக்கு வந்த சமயம் பார்த்து, 2012ஆம் ஆண்டு வண்டியொன்றை 1,30,000 ரூபாய்க்கு வாங்கினார். ஏறும்போது அவர் தனியே செல்வார். இறங்கும்போது தனியே வந்ததில்லை. மருத்துவமனைக்குப் புறப்பட்ட கருவுற்ற பெண், காய்ச்சலுற்ற குழந்தை, சாமை மூட்டையோடு சந்தைக்கு வரும் முதியவர் என எவரேனும் பின்னிருக்கையில் இருப்பர்.

வண்டியை விற்றவர் இனிய சொல்லினர். "டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று, ஐயா, இனிக் கவலை வேண்டாம்" என்றார். எப்பொழுது மாற்றியது என்பதற்குச் சீட்டு இல்லை. எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்பதற்குக் குறிப்பு இல்லை. வண்டியோடு வரவேண்டிய கைந்நூலும் இல்லை. அவர் சொல் ஒன்றே எங்களிடம் இருந்தது.

நிற்க. டைமிங் பெல்ட் என்பது யாது என இயந்திரநூல் பயிலாத நண்பர் வினவக்கூடும். தமிழ் வகுப்பு மாணவனாகிய யானும் அவ்வினாவோடுதான் தொடங்கினேன். இரப்பராற் செய்து, உள்ளே கண்ணாடியிழை நூல்கள் பொதிந்து, உட்புறம் பற்கள் அமைத்த வார் அது. இயந்திரத்தின் அடியில் கிராங்க் என்னும் தண்டு சுழல்கிறது. தலைப்பகுதியில் கேம் என்னும் தண்டு சுழல்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் முதலாவதைச் சார்ந்தது. காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் வால்வுகளின் திறப்பும் மூடலும் இரண்டாவதைச் சார்ந்தன. கிராங்க் இருமுறை சுழலும்போது கேம் ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்குப் பிசகாமற் காப்பதே இவ்வாரின் தொழில்.

முன்னாளில் இத்தொழிலைச் சங்கிலியோ பற்சக்கரமோ செய்து வந்தது. நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடர் வண்டியின் பழைய பெட்ரோல் இயந்திரத்திற் சங்கிலியே இருந்தது. 1962இல் செருமனி நாட்டில் வெளிவந்த கிளாஸ் 1004 என்னும் சிறு வண்டியில் இரப்பர்ப் பல்வார் புகுந்தது. பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் செய்யத் தொடங்கிய சான்ட்ரோவிலும் அதுவே அமைந்தது. வாருக்கு எடை குறைவு, ஓசை குறைவு, எண்ணெய் வேண்டா. ஆயினும் ஒரு குறை உண்டு. தேய்ந்த சங்கிலி பெரும்பாலும் இரைந்து எச்சரிக்கும்; வார் சொல்லாமலே அறும். அறுந்த கணமே கேம் நின்றுவிடும். பிஸ்டனோ வேகம் அடங்குமுன் மேலெழும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தில் வேறு வேறு நேரத்தில் வந்து போகுமாறு அமைந்த இயந்திரங்களில், திறந்து நிற்கும் வால்வை அது முட்டும், வால்வு வளையும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு பன்மடங்காகும்.

போளூரில் தொழிற்கூடம் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்தார். மீட்டர் 58,000 கிலோமீட்டர் காட்டிற்று. அவர் மீட்டரை விட்டுக் கீழே குனிந்து கிளச்சு மிதியைக் காட்டினார். மிதியின் இரப்பர் ஓரம் வரை தேய்ந்து இரும்பு தெரிந்தது. "தம்பி, இந்தக் கால் ஐம்பத்தெட்டாயிரம் மிதித்த கால் அன்று" என்றார். பின்பு மேல்மூடியைக் கழற்றி வாரைக் காட்டினார். வெடிப்பு இல்லை, பிசிறு இல்லை. எனக்கு மகிழ்ச்சி, அவருக்கு இல்லை. பார்வைக்கு நன்றாயிருந்த வார்கள் அறுந்து அவர் கைக்கு வந்ததுண்டாம். பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள், அல்லது குறித்த சில ஆண்டுகளுக்குள், எது முந்துகிறதோ அதன்படி வாரை மாற்ற வேண்டும் என்பது விதி. ஓடாது நின்றாலும் இரப்பர் முதுமை அடையும். எங்கள் வண்டியில் கிலோமீட்டர்க் கணக்கு ஐயத்திற்கு இடமானது. ஆண்டுக் கணக்கோ பதிவுப் புத்தகத்திலேயே இருந்தது. பொய் சொல்லக்கூடிய சாட்சியை விடுத்துப் பொய் சொல்ல இயலாத சாட்சியைக் கேட்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

வார், அதனை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதன் அருகே உள்ள தண்ணீர்ப் பம்பு ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்றார். அறுந்துவிட்டால் 25,000க்கு மேலும் ஆகலாம். வீட்டில் அப்போது இருந்த தொகை, என் விடுதிக் கட்டணத்திற்கென அம்மா அரிசிப் பானையின் அடியில் வைத்திருந்த 7,000 ரூபாய்.

அன்று மாலை திண்ணையில் வழக்கு நடந்தது. என் சித்தப்பா வண்டி விவகாரம் தெரிந்தவர். "அண்ணா, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? கிறிஸ்துமஸ் வரை ஓட்டுங்கள். பிறகு கைமாற்றி விடலாம். வாங்குகிறவன் மாற்றிக்கொள்ளட்டும்" என்றார். பாட்டி, "இதுவரை காத்த கர்த்தர் இனியும் காப்பார்" என்றார். தகப்பனார் நகைத்து, "அம்மா, காக்கிறவர் அந்த மெக்கானிக்கின் வாயாலும் பேசலாம் அல்லவா?" என்றார். யான் வாய் திறக்கவில்லை. உள்ளத்தில் சித்தப்பாவின் பக்கமே நின்றேன் என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. கட்டணம் என்னுடையதன்றோ! அறுவதும் அறாததும் உறுதியில்லாத ஒன்றிற்காக, உறுதியாக வரும் கட்டண நாளை எங்ஙனம் மறப்பது என்று எனக்குள் வாதித்தேன். அவ்வாதம் அன்று மிகவும் நேர்மையானதாகவே எனக்குத் தோன்றிற்று.

அன்றிரவு அடுத்த பருவத்திற்குரிய பாடத்தை முன்னதாகப் பார்ப்போம் என்று மலைபடுகடாத்தை எடுத்தேன். 583 அடிகளையுடைய அந்நூல் எங்கள் நாட்டு நூல். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவைச் செங்கம் என்பர். அந்நூல் கூறும் நவிரமலையைப் பருவத மலை என்று கொள்வோர் பலர். அதில் ஓடும் சேயாறு எங்கள் வீட்டுக்கு அருகே ஓடும் ஆறே. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், இனிச் செல்லவிருக்கும் கூத்தனுக்கு வழி சொல்லுவதாக அமைந்தது அது. அவன் பரிசிலின் பெருமையை மட்டும் சொல்லி அமைந்தானில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்குண்டு, பாம்பு உறையும் அளை எங்குண்டு, வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எங்கு வந்து விழும் என ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். தான் பிழைத்து வந்த இடரைப் பின்வருவானுக்கு மறைப்பது அவனுக்குத் தெரியாது. இரண்டாண்டுகளாக ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தேர்விற்கு எழுதி வருகின்றேன். முன்சென்றவன் பின்வருவோனுக்குப் பட்ட கடன் அது என்பது அன்றிரவே எனக்கு உறைத்தது. எங்களுக்கு வண்டியை விற்றவர் அக்கடனைச் செலுத்தாது எங்கள் தலையில் வைத்தார். சித்தப்பா சொன்னது, அதே கடனை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுச் செல்லும் வழி. அதற்கு யான் மனத்தளவில் உடன்பட்டிருந்தேன்.

காலை ஜெபம் முடிந்ததும் தகப்பனார் சுருக்கமாகச் சொன்னார்: "நான் ஒருவனே போகிற வண்டியானால் இன்னும் ஆறு மாதம் பார்த்திருப்பேன். மலையில் ஏறுகிறவர்களைக் கேட்காமல் அவர்களை வைத்து நான் சூதாடக் கூடாது." கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இயந்திரம் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக்கும் கல்லாகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தது அவர் நெஞ்சில் தைத்திருந்தது. யானே பானையின் அடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிய ஒரு பகல் ஆயிற்று. கிராங்கிலும் கேமிலும் உள்ள குறிகளை நேர்நிறுத்திப் புது வாரைப் பூட்டியபின், இயந்திரத்தை முதலிற் கையாலேயே இருமுறை சுழற்றிக் குறிகள் மீண்டும் நேர்வருகின்றனவா என்று அவர் பார்த்த பொறுமையை, ஏடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர்பாற் காணலாம். கழற்றிய பழைய வாரை என் கையிற் கொடுத்தார். மேலிருந்த எழுத்துகள் அழிந்திருந்தன. பற்கள் யாவும் இருந்தன. டென்ஷனரைச் சுழற்றியபோது மட்டும் உள்ளே மணல் அரைபடுவது போன்ற ஓசை எழுந்தது. "அண்ணா, இது இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும்?" என்றேன். "இருபதாயிரமும் ஓடியிருக்கலாம், நாளைக் காலையே போயும் இருக்கலாம். யாருக்குத் தெரியும் தம்பி?" என்றார். நல்ல வாரை மாற்றிப் பணத்தைப் பாழாக்கினோம் என்று சித்தப்பா இன்றும் நகையாடுவார். அவர் கூற்றை மறுக்க எங்களிடம் சான்று இல்லை. நேராத கேடு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆதலின் முற்காப்பிற்குப் புகழும் இல்லை.

விடுதிக் கட்டணத்திற்குக் காப்பாளர் ஒரு மாதத் தவணை அளித்தார். விடுமுறையில் எஞ்சிய நாள்களிற் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர்க்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து யானும் ஒரு பகுதி தேடினேன்.

அடுத்த ஞாயிறு தகப்பனாரோடு மலைக்குச் சென்றேன். திரும்புகையில் ஓர் இளந்தாய் கைக்குழந்தையோடு ஏறினாள். இறக்கத்தில் குழந்தை உறங்கிற்று, அவளும் உறங்கினாள். வார் ஒன்று உண்டென்றோ, அதன்பொருட்டு ஒரு திண்ணையில் வழக்கு நடந்ததென்றோ அவள் அறியாள். அறிய வேண்டுவதும் இல்லை.

வீடு சேர்ந்ததும் ஒரு சிறு தாளில் எழுதினேன்: மாற்றிய நாள், மீட்டர் அன்று காட்டிய எண், மாற்றிய உறுப்புகள் மூன்று, இதற்கு முந்திய வரலாறு அறியோம், மீட்டரை நம்பற்க. அதனை வண்டியின் முன்மூடிக்கு உட்புறம் ஒட்டி, கடைச்சீட்டைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்தேன். ஒருநாள் இவ்வண்டி எங்கள் கையை விட்டு வேறொருவர் வாயிலில் நிற்கும். அன்று அவர் மூடியைத் திறந்து பார்ப்பாராயின், முன்சென்றோர் சொல்ல வேண்டியதைச் சொல்லியே விட்டுச் சென்றனர் என்று அறிவார்.