குடியம் போகும் வழி

ஒரகடம், ஜனவரி 11, ஞாயிறு

வாரமெல்லாம் ஷிப்டு பார்க்கும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஒருநாள் போய்வரத் தோதான காடு, பூண்டி ஏரிக்கு அப்பால் இருக்கிறது. குடியம் ஊரிலிருந்து காப்புக்காட்டின் ஒற்றையடிப் பாதையில் சில கிலோமீட்டர் நடந்தால், மலைமடிப்பில் ஓங்கி நிற்கும் பாறைக் குகைகள். சுற்றுலா வளரட்டும். ஆனால் குகைவரை கார் போகும் சாலை மட்டும் கூடாது என்பது என் கட்சி. அந்த மலையே கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த பாறை. அதிலிருந்து உதிர்ந்த குவார்ட்சைட் கற்களைத்தான் ஆதிமனிதர்கள் கைக்கோடரிகளாகச் செதுக்கினார்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்திலும், செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் குடியத்துக்குப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தவை இத்தகைய கருவிகளே. அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு, அடியிலுள்ள கருவிகளுக்குச் சராசரியாக 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தது. வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்களை உண்டாக்கும். கல் ஆழப் புதைந்தபின் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறையும். எஞ்சிய விகிதம்தான் வயதைச் சொல்கிறது. கல்லோடு அது புதைந்த மண்ணும் கலையாமல் இருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமாயிற்று.

பாதையில் கிடக்கும் கற்கருவிகள் ஏற்கெனவே மழையில் உருண்டு வந்தவைதானே, சாலை போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே கிடக்கும் கல்தான் எங்கே தோண்டலாம் என்று காட்டுகிறது. அடியில் இருப்பதும் வெகு ஆழத்தில் இருக்க வேண்டியதில்லை. 2022இல் இதே ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, முக்கால் மீட்டர் ஆழத்திலேயே கற்கருவிகள் கிடைத்தன. சாலைக்காக ஜேசிபி சுரண்டும் மண்ணோடு அப்படியோர் அடுக்கே போய்விடும். தொழிற்சாலைக்காக நாம் நிரவிய நிலங்களில் என்னென்ன போயிற்று என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு. வேலை வேண்டும், அதை மறுக்கவில்லை. குடியத்தில் அந்தக் கட்டாயமும் இல்லையே.

முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் என்ன செய்வார்கள்? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர்களுக்காகப் பூண்டியில் 1985 முதல் இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தை விரிவாக்கி, கருவிகளைக் கையில் தொட்டுப் பார்க்க வழிசெய்யலாம். சாலைக்கு ஆகும் பணத்தில் குடியம் ஊர்க்காரர்களைச் சம்பளத்துக்கு வழிகாட்டிகளாக அமர்த்தலாம். போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு நடந்தே போங்கள். ஒரு கல்லையும் பையில் போடாதீர்கள்.