விலகிய காரணம்: இரண்டா, பத்தா?

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்து இ.எஸ்.ஐ. சந்தாவைக் கட்டியாக வேண்டும். அதனால் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் திருவொற்றியூர், எர்ணாவூர், மணலிப் பக்கத்து காண்ட்ராக்டர் அலுவலகங்களிலும் டைம் ஆபீஸ்களிலும் கம்ப்யூட்டருக்கு ஓய்வே இருக்காது. ஆள் பெயர், பத்து இலக்கக் காப்பீட்டு எண், வேலை செய்த நாள், கொடுத்த சம்பளம் என்று கிளார்க் வரிசையாக நிரப்பிக்கொண்டே போவார். ஒருவருக்கு எதிரே நாள் பூஜ்யம் என்று போட்டதும் இன்னொரு கட்டம் காரணம் கேட்கும். லீவா, ஓய்வு பெற்றாரா, இறந்துவிட்டாரா, ஸ்டிரைக்கா? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 2 என்றால் வேலையை விட்டு விலகினார். 10 என்றால் ஆட்குறைப்பு. கூடவே, கடைசியாக வேலை செய்த தேதியையும் போட வேண்டும்.

பழக்கத்தில் கை 2-க்குத்தான் போகும். வேலை போனவரின் அடுத்த மூன்று மாத வாடகைக்கும் அரிசிக்கும் அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளையே பிழைப்பாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் வேலை இழந்த தொழிலாளிக்குப் பண உதவியே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. சிறியது, நிபந்தனைகள் நிறைந்தது, ஆனால் இருக்கிறது. ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ உதவித்தொகை தரும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவை இ.எஸ்.ஐ. கழகம் 2005 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்து 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா வந்தது. வேலை போனவருக்கு வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினச் சம்பளத்தில் கால் பங்கு என்பதுதான் முதலில் இருந்த விதி. கொரோனா ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தபோது, 2020-இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பது 30 நாளானது. பழைய முதலாளி வழியாகத்தான் மனு வர வேண்டும் என்ற விதியும் போய், தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றானது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிய உறுதிமொழியையும் அந்த ஆண்டு இறுதியிலேயே கைவிட்டார்கள்.

இவ்வளவு எளிதாக்கிய பிறகும் மனுக்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றை முன்கூட்டியே பார்க்கத் தெரிவதுதான் இந்த வேலையில் உள்ள கைப்பக்குவம்.

முதல் இடம், நாள் கணக்கு. வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வேலை போவதற்கு உடனடி முந்தைய காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் 78 நாள் என்றால் மாதம் 13 நாள். கன்டெய்னர் யார்டிலும் கெமிக்கல் கம்பெனியிலும் மாதம் 26 நாள் உழைப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். சந்தாவை மிச்சப்படுத்த ஒரு காண்ட்ராக்டர் மாதம் பத்து நாள் மட்டும் கணக்கில் காட்டினால், ஆறு மாதத்துக்கு 60 நாள்தான் ஆகும். உழைத்தவர் உழைத்தபடி இருக்க, தகுதி மட்டும் போய்விடும்.

இரண்டாவது இடம், தொகை. சராசரி தினச் சம்பளம் என்றதும் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் பார்ப்பது தொழிலாளியின் வழக்கம். இந்தத் திட்டத்தின் கணக்கு வேறு. கடைசி நான்கு சந்தாக் காலங்களில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 15,600 ரூபாய் வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 3,74,400. 730-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 513. அதில் பாதி 256. தொண்ணூறு நாளுக்கு 23,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இதே ஆளுக்குப் பாதிச் சம்பளத்தைக் கணக்கில் காட்டி மீதியைக் கையில் கொடுத்திருந்தால், வருவது பதினோராயிரத்துச் சொச்சம். கையில் வாங்கிய பணத்துக்கு இங்கே மதிப்பில்லை.

மூன்றாவது, பெயரும் எண்ணும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், இ.எஸ்.ஐ.யில் பின்னால் போயிருக்கும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். மூன்று ஏட்டிலும் இருப்பவர் ஒருவரே என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஏற்க வேண்டும். இதைவிடச் சிக்கலானது, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காப்பீட்டு எண்கள் இருப்பது. ஆண்டுதோறும் காண்ட்ராக்ட் கைமாறும் இடங்களில், பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் எடுத்துவிடுவார்கள். தொழிலாளி அதே கேட்டுக்குள், அதே மெஷினுக்குத்தான் போகிறார். ஏட்டிலோ அவர் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த புது ஆள். இரண்டு ஆண்டுச் சேவையை நிரூபிக்கப் பழைய எண்களையெல்லாம் தேடி இணைக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் மனுவை நிரப்புமுன் பழைய சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் மேசையில் பரப்பச் சொல்வது இதற்காகத்தான். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒருமுறை காட்டிய சீட்டில் பழைய எண் இருந்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

நான்காவது இடம்தான் மிகவும் வருத்தம் தருவது. ஆள் குறைக்க முடிவு செய்தபின் ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டுகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் போன் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணே, இதுல கையெழுத்து போட்டாத்தான் செட்டில்மென்ட்னு சொல்றாங்க."

"என்ன எழுதியிருக்குன்னு படி தம்பி."

"சொந்தக் காரணத்துக்காக வேலைய விடுறேன்னு இருக்கு."

தானாக வேலையை விட்டவருக்கு இந்த உதவித்தொகை இல்லை என்பது திட்டத்தின் விதி. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு வயதை எட்டியவருக்கும் இல்லை. அந்த ஒற்றை வரியில் கையெழுத்துப் போடுகிறவர் 23,000 ரூபாயைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். அதற்கு மேல் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் விட்டுக்கொடுக்கிறார். செட்டில்மென்ட் என்று காட்டப்படும் தொகையைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி அவருக்கு எப்படியும் சேர வேண்டியதாகவே இருக்கும். ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு கிராஜுவிட்டி சட்டப்படி உரிமை. ராஜினாமா செய்தாலும் உண்டு, ஆட்குறைப்பானாலும் உண்டு. 15,600 ரூபாய் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு, 26-இல் 15 பங்குக் கணக்குப்படி, 72,000 ரூபாய். பி.எஃப். அவருடைய சொந்தப் பணம். இவற்றைப் பெறக் கடிதம் எதுவும் தேவையில்லை.

முதலாளி தரப்பிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவரிடம் ஹெச்.ஆர். என்று ஒருவர் இருக்க மாட்டார். ஆர்டர் நின்றுபோனால் இரண்டு பேரை அனுப்ப வேண்டிய நிலை அவருக்கும் வரும். ஆட்குறைப்பு என்று எழுதினால் கேஸ் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2 என்று போடச் சொல்கிறார். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் கேட்டது தெளிவானது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்புவது, மறுபடி ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இந்த அடிப்படைகளை வைத்துக்கொண்டு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை முதலாளி மறுபயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். ஆக, காரணத்தை நேர்மையாக எழுதுவதன் மதிப்பு முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது. முறையாக நோட்டீஸ் கொடுத்து, இழப்பீட்டைக் காசோலையாகக் கொடுத்து, 10 என்று பதிந்த முதலாளிக்குத்தான் நீதிமன்றத்தில் பயப்பட ஒன்றும் இருக்காது. மிரட்டி வாங்கிய ராஜினாமா என்றைக்கு வேண்டுமானாலும் வழக்காகத் திரும்பும்.

தொழிலாளியின் ஏட்டை எழுதுகிறவர், அந்த ஏட்டால் தமக்கு லாப நட்டம் உள்ள முதலாளியோ காண்ட்ராக்டரோதான். இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு இதுவே. வேறு விதமாகவும் நடத்த முடியும் என்பதற்கு இதே வடசென்னைக் கடற்கரையில் இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று, துறைமுகம். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த கூலிகளுக்காக 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளியைப் பதிவு செய்ததும் வருகையைக் குறித்ததும் வாரியம். பதிவான தொழிலாளி வந்து நின்று, அன்று வேலை இல்லாமல் போனால் வருகைப் படி உண்டு. மாதத்தில் இத்தனை நாள் கூலி நிச்சயம் என்ற உறுதியும் உண்டு. வேலை இல்லாத நாளை நிரூபிக்க அவர் கப்பல் சரக்கேற்றும் எந்த ஸ்டீவடோரிடமும் கடிதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசே வேலையை நிறுத்துகிறது, அரசே நிவாரணமும் தருகிறது. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் வேலை ஏன் நின்றது என்று ஒரு மீனவக் குடும்பம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாட்காட்டியே சான்று.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எண்ணூர் நெடுஞ்சாலையோர ஆலைத் தொழிலாளி நிற்கிறார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த பக்கிங்காம் – கர்னாடிக் மில்லின் கதவு 1996-இல் மூடியபோது வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ.யில் உதவித்தொகை என்று ஒன்று இருக்கவில்லை. 2017-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் நின்றது. 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபின் பெரியகுப்பம் அருகே உர ஆலை பல மாதங்கள் இயங்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஆலை நிற்பது புதிதல்ல. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளி இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே போய்விடுகிறார். ஆகவே இந்த உதவித்தொகைக்கு உரியவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்களும் சின்னப் பட்டறை ஆட்களும்தான். ஏட்டை எழுதுகிறவரிடம் கேள்வி கேட்க மிகவும் தயங்குகிறவர்களும் அவர்கள்தான்.

மனு செய்ய வருபவர்களில் பலர் மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கிடைக்கும். நேற்றுவரை ஷிப்டுக்குப் போனவருக்கு அந்தக் கவுன்டரில் வழியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவருடைய அலைச்சல் மிச்சமாகும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், வைத்தியம். ஏப்ரல் – செப்டம்பர் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அதன் பலன் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை நீளும். ஆகஸ்டில் வேலை போய்விட்டது என்று மனைவியின் வைத்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை முதலாளி போடாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே ஆதார் ஓ.டி.பி. வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி 2020-இல் வந்தது. அங்கே அந்தக் கதவு திறந்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் விலகிய காரணத்தையும் தொழிலாளியே பார்த்து, தவறென்றால் மறுப்பைப் பதிய வைக்கும் வசதி வேண்டும். ஒவ்வொரு சந்தாக் காலமும் முடிந்ததும் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் கணக்கில் ஏறியிருக்கிறது என்று அவருடைய போனுக்குத் தமிழில் ஒரு செய்தி வர வேண்டும். அதுவரை தொழிற்சங்கங்களும் பேட்டைச் சங்கங்களும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரின் சந்தா விவரத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுக்கலாம். குறைந்த நாளைக் கேட்டுச் சரிசெய்ய வேலையில் இருக்கும்போதுதான் முடியும்.

அடல் திட்டமே நிரந்தரமானது அல்ல. இரண்டு ஆண்டுச் சோதனையாகத் தொடங்கி, தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. அப்படி ஒரு நீட்டிப்பு 2026 ஜூன் 30 வரை. வாழ்நாளில் ஒருமுறை என்ற வரம்பும் அப்படியே இருக்கிறது. காண்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் வேலை போகும் ஒரு வட்டாரத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. திட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நிலையாக்குவதும், சந்தா கட்டிய ஆண்டுகளுக்கு ஏற்ப மறுபடியும் பெறலாம் என்று மாற்றுவதும் டெல்லியில் எடுக்க வேண்டிய முடிவுகள். அவற்றைக் கேட்கும் குரல் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் போக வேண்டும்.