கையெழுத்துக்கு முன்

சென்ற கோடை விடுமுறையில் சகோதரியர் நாங்கள் இருவரும் பாவூர்சத்திரத்திலிருந்து புதுச்சேரிப் பெரியம்மா வீட்டிற்குச் சென்றோம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி அங்கிருந்து விலகிவிட்டது. ஆயினும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களுக்கு இன்றும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது. அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் அப்படித்தான்.

ஒருநாள் பாட்டி ஒரு வங்கித் தாளில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார். “என்ன எழுதியிருக்கு பாட்டி?” என்றோம்.

“யாருக்கும்மா தெரியும்? காட்டுற இடத்துல போடுவேன்” என்றார்.

எங்களுக்குத் திக்கென்றது. பிரெஞ்சு அறிந்த பெரியம்மாவிடம் அன்றே பாடம் கேட்டோம். ‘கோன்த்’ என்றால் கணக்கு; ‘சோல்த்’ மீதி; ‘வெர்ஸ்மான்’ பணம் கட்டுதல்; ‘ரெத்ரே’ பணம் எடுத்தல்; ‘சிஞ்யே இசி’ இங்கே கையொப்பமிடுக. ‘அர்ழான்’ என்றால் வெள்ளியும் உண்டு, பணமும் உண்டு. மலேயா சென்ற நம்மவரும் பணத்தை ‘வெள்ளி’ என்றுதானே சொன்னார்கள்! பாட்டிக்கு அவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

ஊர் திரும்பியதும் நகைக்கடனுக்காக அம்மாவுடன் வங்கிக்குப் போனோம். தாள் முழுவதும் ஆங்கிலம். அம்மா பேனாவைத் திறந்தார். ஆங்கிலம் படிக்கும் நாங்கள் இதுவரை அவருக்கு ஒரு தாளையாவது படித்துச் சொன்னதுண்டா? வெட்கமாக இருந்தது.

“கொஞ்சம் பொறும்மா” என்று வட்டியையும் தவணையையும் வரிவரியாகப் படித்துச் சொன்னோம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். அம்மா முழுவதையும் கேட்ட பிறகே கையெழுத்திட்டார்.