அடி இல்லாத பானை

ஸ்ரீரங்கம் மடப்பள்ளியில் அரங்கனுக்குத் தளிகை செய்ய இன்றும் புது மண்பானைதான். ஒருமுறை அடுப்பேறியது மறுநாள் ஏறாது. எவர்சில்வரும் அலுமினியமும் வீடுகளிலிருந்து பானையை விரட்டிவிட்ட பிறகும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தீவில் பானைக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருக்கிறார்.

கொள்ளிடக் கரைப் பக்கம் பானை வனையும் ஒரு வேளார் வீட்டில் நான் பார்க்கப் போனது திருகை எனும் சக்கரத்தை. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். “இதுல பாதி வேலைகூட முடியல தம்பி” என்றார் வீட்டுக்காரர். திருகையிலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடியே கிடையாது. வாயும் கழுத்தும் திருத்தமாக இருக்கும். கீழே தடித்த சுவர், நடுவில் ஓட்டை.

நிழலில் சற்று இறுகியதும் அவர் மனைவி அதை மடியில் சாய்த்துக்கொண்டார். இடக்கை உள்ளே போய் வழுவழுப்பான கல்லை அண்டக் கொடுக்கிறது. வலக்கையில் உள்ள பலகை வெளியே தட்டுகிறது. தட்டத் தட்டச் சுவர் மெலிந்து பரவி, ஓட்டை சுருங்கி மூடிக்கொள்கிறது. ஈரம் கூடினால் பலகையில் ஒட்டும், குறைந்தால் விரிசல் விடும். “எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்றேன். என் விரலைப் பிடித்துப் பானைமேல் அழுத்தினார். குளிர்ச்சி இருந்தது, ரேகை பதியவில்லை. “இதான் பதம்.”

மண்ணிலும் அதே கணக்கு. வெறும் களிமண் காயும்போதே வெடித்துவிடும். மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். ஏரி, குளங்களில் மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதியே போதும் என்று 2024இல் அரசு எளிதாக்கியது. மிதிக்கும் காலுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

பக்கத்து உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, சாயம் பூசியதல்ல. கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்புறம் கருக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்பது பொதுவான விளக்கம். சூளையில் அடுக்குகிற விதமே வண்ணம் தீட்டிவிடுகிறது.

பானையில் அமுது கொள்ளும் பெரிய பெருமாளும் கல் அல்ல, சுதைத் திருமேனி. அதனால்தான் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பு. இதே கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளைச் செதுக்கியவர்களுக்கு உளி பிசகினால் போனது போனதுதான். சுதைக்காரருக்கு ஒட்டவும் வழிக்கவும் இடமுண்டு.

கோபுரத் திருப்பணிகளில் பழகிய ஒருவர் சுதை வேலையை விளக்கினார். செங்கல் துண்டுகளை அடுக்கி உடம்பு, மேலே சுண்ணாம்புக் காரை, கடைசியில் மெல்லிய பூச்சு. சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட வேண்டும். சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடும். மூக்கைத் திருத்துவதற்குள் கல்லாகிவிடும். பழைய சுண்ணாம்பின்மேல் அதைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பிறகு பெயர்ந்து விழும். தெரிந்தே பல இடங்களில் பூசுகிறார்கள்.

“பொம்மைக்குக் கண் திறக்கிறப்போ பார்க்கக் கூட்டம் வரும் சார்” என்றார். “கரணை பிடிக்கப் பையன்களும் வர்றாங்க. சுண்ணாம்பு அரைக்கத்தான் ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்.”